வகுப்பு நாள் குறுநாடகத்தில் மகளுக்கு டாக்ஸி ஓட்டுநர் வேடம்: தடுக்கலாமா?

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் மகள் உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. மே மாதத்தில் ‘கிளாஸ் டே’ என்று ஒன்று வருகிறது, அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகளும் ஆளுக்கொரு கருவை எடுத்துக்கொண்டு குறுநாடகம் போடுகின்றன, மறுநாள் மாலை விருந்து. இதெல்லாம் படிப்பா கூத்தா, அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல, இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள்: அவள் வகுப்பு எடுத்திருக்கும் கரு ‘விமான நிலையம்’, அவளுக்குக் கொடுத்திருப்பது இந்திய உச்சரிப்பில் பேசும் டாக்ஸி ஓட்டுநர் வேடம், அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கடைசி வரி என்றே நினைக்கிறேன். அனுப்பலாமா என்பது சாக்கு. என் மகளை வைத்து ஊர் சிரிக்கப்போகிறதா, அவளும் சேர்ந்து சிரிப்பதாகப் பாவனை செய்கிறாளா என்பதே நீங்கள் கேட்க வந்தது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வழியில் மற்றவையும் வந்துவிடும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில் 24 ஆண்டுகள் ஆங்கிலமும் நாடகமும் கற்பித்து ஓய்வுபெற்றவள். அதில் பதினொரு ஆண்டுகள் ஏதாவது ஒரு வகுப்புக்கு ஆலோசக ஆசிரியையாக இருந்தேன். அதாவது பிள்ளைகள் எழுதிக்கொண்டுவரும் நாடகப் பிரதியைப் படித்து, கையெழுத்துப் போட்டு, பிறகு திட்டும் வாங்கும் ஆள். சட்டம் படித்தவள் இல்லை. பள்ளிகள் தொடர்பான சில வழக்குகளை வேலைக்காகத் தெரிந்துவைத்திருந்தேன், அவ்வளவுதான். இந்த நாட்டில் பள்ளிகளின் நடைமுறையைத் தீர்மானிப்பது உள்ளூர்ப் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு. ஆகவே நான் பொதுவாகச் சொல்வதும் உங்கள் பள்ளியின் கையேடு சொல்வதும் மோதினால் கையேட்டையே நம்புங்கள்.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் கேலியும் சோறும் ஏன் ஒரே வாரத்தில் வருகின்றன என்பது அதில் இருக்கிறது. வகுப்பு நாள் கல்லூரிகளிலிருந்து இறங்கி வந்தது. படிப்பை முடித்துப் போகும் வகுப்பு, பட்டமளிப்பின் கனமான சடங்குகளுக்கு முன்னால், தனக்கென்று ஒரு நாளை வைத்துக்கொள்ளும். ஒருவர் கவிதை படிப்பார், ஒருவர் வகுப்பின் வரலாற்றைச் சொல்வார், சில இடங்களில் ஐவி கொடி நடுவார்கள். ஹார்வர்டில் 1838ஆம் ஆண்டு வகுப்புக் கவிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவல். பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர், ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் தூதராகப் போனவர். ஆனால் பாடங்களைக் கவனிக்காததற்காகக் கல்லூரி அவரைப் பக்கத்து ஊரான கான்கார்டுக்கு அனுப்பிவைத்துவிட்டது. தன் கவிதையைத் தானே வாசிக்க அவரால் வர முடியவில்லை. வகுப்பு நாளின் நாயகனே தண்டனையில் இருப்பது ஒன்றும் புதிதில்லை என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

குறுநாடகத்தின் கதை இன்னும் சுவையானது. அதே ஹார்வர்டில் 1795இல் ‘ஹேஸ்டி புட்டிங்’ என்று ஒரு மாணவர் சங்கம் தொடங்கியது. சோளமாவுக் கூழுக்குத்தான் அந்தப் பெயர். கூட்டத்துக்குக் கூட்டம் ஓர் உறுப்பினர், முறைவைத்து, ஒரு பானை கூழ் கொண்டுவர வேண்டும். கூழைக் குடித்துவிட்டுப் பொழுதுபோக்குக்காகப் பொய் வழக்கு நடத்துவார்கள்: ஒருவர் நீதிபதி, ஒருவர் குற்றவாளி, மற்றவர்கள் வக்கீல்கள். அந்தப் பொய் வழக்குகளுக்கு வேடமும் ஒப்பனையும் சேர்ந்துகொண்டே போய், 1844இல் முழு நாடகமாகவே மேடையேறிவிட்டது. ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடும் வழக்கம் அங்கே நிலைத்துப்போனது. பெண்கள் அந்த மேடையில் நடித்தது 2019இல்தான். ஆக, ஒரு பானைக் கூழைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் கூண்டில் ஏற்றிச் சிரித்ததுதான் அங்கே தொடக்கம். இன்று குற்றவாளியாக நின்றவர் நாளை நீதிபதி. எல்லாருக்கும் முறை வரும், எல்லாரும் ஒரே பானையில் குடிப்பார்கள். இந்த இரண்டும் இருந்ததால்தான் அந்தக் கேலி பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. உங்கள் மகளின் டாக்ஸிக்கு இதுவே அளவுகோல். திரும்பவும் வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டன. 1910இல் அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. 1940க்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் முடித்தார்கள். பெரும்பாலோருக்குக் கல்லூரி வாய்ப்பில்லை. பள்ளியோடு முடிகிற படிப்புக்குக் கல்லூரிச் சடங்குகள் எல்லாவற்றையும் பள்ளியிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஆண்டு மலர்களைப் புரட்டினால் வகுப்பு வரலாறு, வகுப்புக் கவிதை, வகுப்பு ஜோசியம், வகுப்பு உயில் என்று வரிசையாக இருக்கும். ஜோசியம் என்றால், இருபது ஆண்டுகள் கழித்து யார் என்னவாக இருப்பார்கள் என்று குறிசொல்லும் வேடத்தில் ஒருவர் வந்து சொல்வது. உயில் என்றால், போகிற வகுப்பு தன் சொத்துக்களை அடுத்த வகுப்புக்கு எழுதிவைப்பது: கணக்கு வகுப்பில் உறங்கும் திறமை இன்னாருக்கு, திறக்கவே திறக்காத 214ஆம் எண் அலமாரி இன்னாருக்கு. பல பள்ளிகளில் இவை மறைந்துவிட்டன. மறையாத இடங்களில் குறுநாடகத்துக்குள் புகுந்துகொண்டன. உங்கள் பள்ளியைப்போல நான்கு வகுப்புகளும் போட்டி போட்டு நாடகம் நடத்துவதைச் சில பள்ளிகள் இலையுதிர்காலத்தில், பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் வாரத்தில் வைத்துக்கொள்ளும், சில வசந்தத்தில். பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

இது படிப்பா கூத்தா என்றீர்கள். கூத்துதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முப்பது பேர் சேர்ந்து, பெரியவர்கள் யாரும் எழுதித்தராத ஒன்றை, குறித்த நாளில், பத்து நிமிடத்துக்குள், எட்டுநூறு பேர் முன்னால் நடத்திக் காட்டுவதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? கதையையும் சொல்வான், ராஜாவையும் கிண்டல் செய்வான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவன் தன்னையும் விட்டுவைப்பதில்லை என்பது ஒரு காரணம். அவன் மேல்நோக்கிக் கிண்டல் செய்கிறான் என்பது இன்னொன்று. மத்தளம் அடித்துக் களைத்தவனையோ திரை பிடிக்கும் பையனையோ அழவைத்து அவன் கைதட்டல் வாங்குவதில்லை.

இனி என் தவறு ஒன்று. ஆலோசகராக இருந்த மூன்றாம் ஆண்டு. சீனியர் வகுப்பின், அதாவது பன்னிரண்டாம் வகுப்பின், ஜோசியப் பகுதியில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு வரி இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசும் ஒரு பெண்ணுக்கு எழுதியிருந்தது இது: ‘இருபது ஆண்டுகள் கழித்தும் அதே பின்வரிசையில் இருப்பாள், ஆசிரியர் இன்னும் அவளை வரவில்லை என்றே குறித்துக்கொண்டிருப்பார்.’ நான் படித்தேன், சிரித்தேன், கையெழுத்துப் போட்டேன். கெட்ட வார்த்தை இல்லை, ஆபாசம் இல்லை, உடலைப் பற்றி எதுவும் இல்லை. என் பட்டியலில் இருந்த எந்தக் குற்றமும் அதில் இல்லை. அரங்கில் பெரிய சிரிப்பு. அன்று மாலை விருந்தில் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் பெயர் எழுதிய அட்டை வைத்திருந்தோம். அவளுடைய அட்டைக்குப் பின்னால் நாற்காலி காலி. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அதைக் கவனிக்கவும் இல்லை. ரொட்டிக் கூடையை அவள் தட்டின் மேல் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு விதியை வைத்தேன், ஓய்வுபெறும்வரை மாற்றவில்லை. பெயர் வரும் ஒவ்வொருவரிடமும், அவரைப் பற்றிய வரியை எழுதியவரே நேரில் போய், ஒத்திகைக்கு முன்னால், தனியாக, வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். ஆசிரியரானாலும் அப்படியே. என் அனுபவத்தில், எழுதிய வரிகளில் கால்வாசி அந்த இடத்திலேயே செத்துவிடும். எதிரே நிற்பவர் மறுத்ததால் அல்ல. படிக்கிறவருக்கே வாய் வராது.

இப்போது டாக்ஸி. மேடையில் இந்திய உச்சரிப்பு வந்தாலே அவமானம் என்று நான் சொல்லமாட்டேன். நானே பல ஆண்டுகள் என் உச்சரிப்பை வைத்து வகுப்பைச் சிரிக்கவைத்திருக்கிறேன். என் கேள்வி வேறு. அந்தக் காட்சியில் சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது? ஓட்டுநர் வாயைத் திறந்ததுமே சிரிப்பு வருகிறது, அவர் சொல்வதில் ஒன்றும் இல்லை என்றால், அங்கே நகைச்சுவை என்று எதுவும் எழுதப்படவில்லை. ஒரு மனிதரின் நாக்கை மட்டும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதுவே ஓட்டுநர்தான் அந்த வண்டியில் எல்லாம் தெரிந்தவர், பயணிகளாக வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பெட்டி, கடவுச்சீட்டு, புத்தி எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் என்றால், அதே உச்சரிப்போடு அவர் அந்தக் காட்சியின் ராஜா. எளிய சோதனை ஒன்று உண்டு: உச்சரிப்பை எடுத்துவிட்டு வசனத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் வேடம் நல்ல வேடம். வராவிட்டால் அது வேடமே இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் எனக்கு நிச்சயம் குறைவு. அந்தச் சிரிப்பு மூன்று விதமாக இருக்கலாம். உண்மையிலேயே பிடித்திருக்கலாம், அவளே யோசனை சொல்லியிருக்கவும் கூடும். பிடிக்காமல், வேண்டாம் என்றால் ‘இவளுக்கு நகைச்சுவை தெரியாது’ என்பார்களே என்று சிரிக்கலாம். அல்லது, அப்பா கோபப்பட்டுப் பள்ளிக்குப் போன் செய்துவிடப்போகிறார் என்ற பயத்தில், அது பெரிய விஷயம் இல்லை என்று காட்டச் சிரிக்கலாம். மூன்றாவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘இது அவமானம், நடிக்காதே’ என்று தொடங்காதீர்கள். ‘அந்த வேடத்தை யார் எழுதியது? உனக்கு எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். இரண்டே கேள்வி. ‘நான்தான் கேட்டு வாங்கினேன்’ என்றால் பாதிக் கவலை போயிற்று. ‘வேறு யாருக்கும் அந்த உச்சரிப்பு வராது என்றார்கள்’ என்றால், அவளைத் தேர்ந்தெடுத்தது நடிப்புக்காக இல்லை, உச்சரிப்புக்காகத்தான் என்று புரிந்துகொள்ளலாம். அப்போதும் முடிவு அவளுடையதாக இருக்கட்டும். ஆனால் ‘வசனத்தை நாமே மாற்றி எழுதிப் பார்ப்போமா’ என்று உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. பதினாறு வயதுப் பிள்ளை அதை ஒத்துக்கொள்ளுமா என்கிறீர்களா? முதல் நாள் ஒத்துக்கொள்ளாது. இரண்டாம் நாள் ஒரு வரியைக் காட்டி ‘இது எப்படி?’ என்று கேட்கும்.

அவளாகவே வேண்டாம் என்று சொல்லி, மற்றவர்கள் வற்புறுத்தினால், பள்ளி தலையிடலாமா? தலையிடலாம், இதில் சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 1983இல் வாஷிங்டன் மாநிலத்தில் பெத்தெல் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவர், நண்பரை மாணவர் தேர்தலுக்கு முன்மொழிந்து பேசும்போது, சுமார் 600 பேர் கூடியிருந்த அவையில் பேச்சு முழுவதையும் இரட்டை அர்த்தத்தில் அமைத்தார். முன்கூட்டியே அதைக் கேட்ட ஆசிரியர்கள் இருவர் வேண்டாம் என்றிருந்தார்கள். பள்ளி அவரை இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1986இல் பள்ளி செய்தது சரி என்று தீர்ப்பாயிற்று. 1988இல் மிசூரி மாநிலத்தின் ஹேஸல்வுட் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று. அது பள்ளிப் பத்திரிகை பற்றிய வழக்குதான். ஆனாலும் பள்ளி தன் பெயரில் நடத்தும் பத்திரிகை, நாடகம் போன்றவற்றை, கல்வி நோக்கத்துக்குப் பொருத்தமான காரணம் இருந்தால், பள்ளி திருத்தலாம், தடுக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டது. வகுப்பு நாள் குறுநாடகம் இதற்குள் அடங்கும் என்றே நான் பணியாற்றிய காலமெல்லாம் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. 1991இல் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சங்கம் ‘அழகற்ற பெண்’ போட்டி என்று ஒரு கேலி நிகழ்ச்சி நடத்தியது. அதில் ஒருவர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு கறுப்பினப் பெண்ணாக வந்தார். பல்கலைக்கழகம் தண்டித்தது, 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனை பேச்சுரிமைக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. நிகழ்ச்சி அருவருப்பானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை, ஆனாலும் தண்டிக்க முடியவில்லை. பள்ளியில் ஆசிரியர் கையில் இருக்கும் பேனா கல்லூரியில் இல்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் மகள் கல்லூரிக்குப் போகப்போகிறாள். வேண்டாம் என்று சொல்லவும், நல்லதை எழுதித்தரவும் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகத்தில் கறுப்புப் பூசுவதைச் சொன்னதால் ஒரு வார்த்தை. கரு ‘விமான நிலையம்’, ‘உலகம் சுற்றுவோம்’ என்றெல்லாம் வரும்போது பிள்ளைகள் பிற இனத்தவர்போல் நிறம் பூசிக்கொள்ள, தலைப்பாகை கட்டிக்கொள்ள ஆசைப்படுவார்கள். 1830களில் தொடங்கிய மின்ஸ்ட்ரெல் கூத்துகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களை முட்டாள்களாகக் காட்டிப் பணம் பண்ணினார்கள். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரையிலும் பள்ளிகளும் சங்கங்களும் நன்கொடை திரட்ட அவற்றை நடத்தின. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு தெரியாது; நமக்கே தெரியாது. தெரியாமல் செய்தேன் என்பதை இங்கே யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. நிறம் பூசுவது எந்த வேடத்துக்கும் வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லிவையுங்கள், அவள் நடிக்காத வேடத்துக்கும் சேர்த்து.

நாடகம் நன்றாக வர வேண்டும் என்றால் சில தொழில் ரகசியங்கள். இவற்றில் எனக்கு ஐயமே இல்லை. பள்ளி நாடகங்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும். அங்கே குரல் சுவரில் மோதித் திரும்பும், வசனம் கேட்காது. ஆகவே பேச்சைக் குறைத்துச் செய்கையைக் கூட்ட வேண்டும், ஒலிவாங்கி ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும், அவர் கதைசொல்லியாக இருக்கட்டும். மேலே சொன்ன கட்டியங்காரன் இங்கே உதவுவான். ஒரு பக்க வசனம் மேடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். சிரிப்புக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் எட்டுப் பக்கம் போதும், பத்து நிமிடம் ஆகிவிடும். முடிவை முதலில் எழுத வேண்டும். பிள்ளைகளின் நாடகம் தொண்ணூறு சதவீதம் முடிவில்தான் விழும், கடைசியில் எல்லாரும் பாட்டுப் போட்டு ஆடி ஒப்பேற்றுவார்கள். நான்கு பேருக்கு மட்டும் புரியும் அந்தரங்க நகைச்சுவையை வெட்டிவிட வேண்டும். மனிதர்களைக் காட்டிலும் பொருள்களைக் கிண்டல் செய்வது எப்போதும் பலன் தரும். என் வகுப்பு ஒன்று எடுத்த கரு ‘அருங்காட்சியகம்’. நூறு ஆண்டுகள் கழித்து ஒரு வழிகாட்டி, பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் பள்ளியைச் சுற்றிக்காட்டுகிறார்: ‘இது அக்காலத்து மக்கள் கழிவறைக்குச் செல்வதற்காகத் தாங்கிச்சென்ற புனித மரத்துண்டு. இதை எடுத்துச்சென்றவர்கள் திரும்பி வந்ததாகச் சான்றுகள் இல்லை.’ வகுப்பை விட்டு வெளியே போகக் கொடுக்கும் அனுமதிக் கட்டைதான் அது. தலைமை ஆசிரியரிலிருந்து துப்புரவுப் பணியாளர்வரை எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் பெயரும் வரவில்லை.

பாட்டும் சினிமாவும் பற்றி: கட்டணம் வாங்காத, நடிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்காத பள்ளி நிகழ்ச்சியில் ஒரு பாடலைப் பாடுவதற்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு நாடகங்களுக்குக் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நாடகத்தின் காட்சியை அப்படியே போடவேண்டும் என்றால் அனுமதி வாங்க வேண்டும். பகடி செய்வதற்கு ஓரளவு இடம் உண்டு, 1994இல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றிருக்கிறது. எவ்வளவு என்பது வழக்குக்கு வழக்கு மாறும். நாடகத்தைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவது முற்றிலும் வேறு விவகாரம். உங்களைப் பொறுத்தவரை பதிப்புரிமையைவிட இதுதான் முக்கியம்: மேடையில் பத்து நிமிடத்தில் கரைந்துபோகும் கிண்டல் தொலைபேசியில் பத்து ஆண்டு நிற்கும். படம்பிடிக்கலாமா, எங்கே போடுவார்கள் என்று ஆலோசக ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்கலாம். கேட்டால் தவறாக நினைக்கமாட்டார். நான் நினைத்ததில்லை.

இனி விருந்து. ஜூனியர் வகுப்பு, அதாவது பதினோராம் வகுப்பு, பணம் திரட்டி, போகிற சீனியர் வகுப்புக்கு அளிக்கும் விருந்தாகத்தான் பல ஊர்களில் இது தொடங்கியது. நடனத்தைப் பாவமாகக் கருதிய சமயப் பள்ளிகளில் விருந்தோடு நின்றது. மற்ற இடங்களில் நடனம் சேர்ந்து ப்ராம் ஆயிற்று. அந்தச் சொல் ‘ப்ராமினாட்’ என்பதன் சுருக்கம், விருந்தினர்கள் ஜோடியாக அணிவகுத்து நடந்து வருவது. எந்த ஊரில் முதல் ப்ராம் நடந்தது என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். 1975இல் அதிபர் ஃபோர்டின் மகள் தன் பள்ளியின் ப்ராமை வெள்ளை மாளிகையிலேயே நடத்தினாள். அந்தப் பளபளப்புக்கு மறுபக்கமும் இருக்கிறது. மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில் வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் ஒரே பள்ளியில் பல ஆண்டுகள் சேர்ந்து படித்தும், சேர்ந்து ப்ராமுக்குப் போனது 2008இல்தான். நடிகர் மார்கன் ஃப்ரீமன் செலவை ஏற்றுக்கொண்டார். ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுன்டியில் 2013இல் மாணவிகள் தாங்களே நிதி திரட்டிச் சேர்ந்து நடத்தினார்கள். அதுவரை பெற்றோர்கள் தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே தடையாக இருந்தது பள்ளி மணி அடித்த பிறகு தொடங்கும் பெரியவர்களின் உலகம். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வி நமக்கு அந்நியமானது இல்லை, நான் விரிக்கத் தேவையில்லை.

அனுப்பலாமா என்றால், அனுப்புங்கள். நாடகத்தில் நடித்துவிட்டு விருந்துக்குப் போகாத பிள்ளைக்கு, மேடையில் இருந்து பாதியில் இறக்கிவிட்டதுபோல் இருக்கும். ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை, தோழிகள் நான்கைந்து பேராகப் போவது இப்போது சர்வசாதாரணம். சைவம் என்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்; அன்று மாலை சொன்னால் சாலட் மட்டும் கிடைக்கும். கட்டணம் பாரமாக இருந்தால் ஆலோசக ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம், பல பள்ளிகளில் அதற்கென்று சத்தமில்லாமல் ஒரு வழி வைத்திருப்பார்கள். குடியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நாடு முழுவதும் மது வாங்கும் வயது 21தான், ஆனாலும் பட்டமளிப்புப் பருவத்து விபத்துகளில் பிள்ளைகளை இழந்த பிறகுதான் 1980 வாக்கில் மேய்ன் மாநிலத்தில் பெற்றோர்கள் சேர்ந்து, இரவு முழுவதும் மதுவில்லாத கொண்டாட்டத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. பள்ளி விருந்துக்குள் ஆபத்து குறைவு. அதற்குப் பின் யார் வீட்டில், யார் வண்டியில் என்பதுதான் கேள்வி. அதை மட்டும் கறாராகக் கேளுங்கள். கண்காணிப்புக்கு வர விரும்பும் பெற்றோர் உண்டா என்று பள்ளி கேட்கும், பெயர் கொடுக்கலாம். ஆனால் உங்கள் மகளின் மேசைப் பக்கம் போகாமல் இருக்க உங்களால் முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். என் கணவரால் முடியவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வசனப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஓட்டுநரின் வரிகளைச் சாதாரணக் குரலில் அவளைப் படிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வராவிட்டால், அந்த ஓட்டுநருக்கு வீடு எங்கே, இன்று எத்தனை மணிக்கு எழுந்தார், இந்தப் பிள்ளைகளைப்போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று இருவரும் பேசிப் பாருங்கள். நீங்கள் வந்திறங்கிய முதல் நாள் விமான நிலையத்திலிருந்து உங்களை ஏற்றிவந்தவர் யார், என்ன பேசினார் என்பது நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். நல்ல வரி ஒன்று அதிலிருந்து கிடைக்கலாம். விருந்தன்று அழைத்துவரப் போகும்போது அனுமதிச் சீட்டில் போட்ட நேரத்துக்குப் போய் வண்டியிலேயே இருங்கள். எல்லாரும் வெளியே வந்த பிறகும் கால் மணி நேரம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.